அப்பா கொடுக்க மறுத்த மூன்று பாஸ்போட்

சொந்தத் தகப்பனைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அப்போது வயது பத்து. நீளக் காற்சட்டைக்குள்ளே நீச்சல் காற்சட்டை போட்டிருந்தேன், அதுவும் சுவிஸில் காரில் ஏறியதிலிருந்தே. தீர்ப்புச் சொல்லும்போது இந்த இரண்டையும் கருத்தில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மெல்பேர்ணின் டண்டினொங் பகுதியில் அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. சுவிஸில் இருந்த சித்தப்பாவை அவர் கண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன. சித்தப்பாவுக்கு அங்கே ஓர் இத்தாலியன் உணவகத்தின் குசினியில் வேலை; கூட நின்று கோப்பை கழுவியவர்களின் பாஷை ஓரளவு வாயில் ஒட்டியிருந்தது. அந்தத் துணிவில்தான், "எல்லாரும் கடலுக்குப் போவம்" என்று இத்தாலியில் ரிமினிப் பக்கம் ஒரு ஹோட்டலில் எங்களுக்கும் சேர்த்து அறை எடுத்திருந்தார்.

எங்களிடம் புத்தம்புது அவுஸ்திரேலியப் பாஸ்போட் மூன்று இருந்தன. அட்டையில் கங்காருவும் ஈமுவும். அம்மா தைத்துக் கொடுத்த துணிப்பையில் அவற்றைப் போட்டு அப்பா இடுப்பில் கட்டியிருந்தார். விமானத்தில் நித்திரை கொண்டபோதும் ஒரு கை அதன்மேல்தான்.

ஹோட்டலின் முன்மேசையில் முதலாளியம்மா இருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரத்தட்டுகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய பாஸ்போட். சித்தப்பா தன்னுடையதை நீட்டி அறைத் திறப்பையும் வாங்கிவிட்டார். அப்பா பையை அவிழ்த்து மூன்றையும் வெளியே எடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"பொலிசுக்குப் பதியவேணுமாம் அண்ணை. பின்னேரம் திருப்பித் தருவாவாம். இஞ்சை இது வழமை."

மேசைக்குப் பாதி வழியில் அப்பாவின் கை நின்றது. பிறகு மூன்றும் பைக்குள் திரும்பிப் போயின.

"நோ," என்றார் அப்பா. "யூ ரைட். ஐ ஹோல்ட்."

அதாவது, அவர் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், அந்த அம்மா பார்த்து எழுதலாம். ஆனால் எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரர் வரிசையில் நின்றார்கள். முதலாளியம்மா சுவரைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார், கடைசியில் மேலே ஆண்டவரையும் காட்டினார். பாஸ்போட் வைக்காவிட்டால் திறப்பு இல்லை. நல்லது என்று அப்பா பெரிய சூட்கேசை வரவேற்பறையின் நட்டநடுவில் படுக்கவைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"இஞ்சாருங்கோ, குடுத்துத் துலையுங்கோவன். பிள்ளை அவிஞ்சு போறான்" என்றார் அம்மா.

"நீர் பேசாமல் இரும்."

"அண்ணை, அந்த மனிசியின்ரை மேசையிலை இருந்து பாஸ்போட் எங்கை ஓடப்போகுது?" என்று சித்தப்பா சிரித்தார்.

"அது ஓடாது. அது கையிலை இல்லாட்டி நானும் ஓடேலாது."

ஒரு மணித்தியாலம் போனது. ஜெர்மன்காரர் எல்லோரும் திறப்பு வாங்கி, உடுப்பு மாற்றி, துவாயோடு எங்களைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். அதற்குள் என் தலைக்குள் பொலிஸ் வந்து போய்விட்டது. அப்பாவை ஏற்றிவிட்டார்கள். எங்கள் பாஸ்போட்டிலிருந்து கங்காருவைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை என்னை ஓர் இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள், எனக்கு 'பீட்சா' தவிர வேறு சொல் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடல் எந்தக் கவலையுமில்லாமல் கிடந்தது.

அப்போதுதான் அப்பாவுக்கு ரொயிலற் போகவேண்டி வந்தது. அம்மாவைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். இரண்டு பேரும் எதிர்க்கட்சி. பையை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

"ஆர் கேட்டாலும் குடுக்காதை. விளங்குதோ?"

"ஓகே, அப்பா."

யாரும் கேட்கவே இல்லை. அவர் உள்ளே போய்க் கதவு சாத்தியதும் நானாகவே நடந்துபோய், நுனிக்காலில் நின்று, பையை மேசையில் வைத்தேன். முதலாளியம்மா என் கன்னத்தைக் கிள்ளித் திறப்பைத் தந்தார்.

அப்பா திரும்பி வந்ததும் அந்தத் திறப்பை உயர்த்திக் காட்டினேன். கன்னத்தில் அறை விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபமென்றால் எனக்குத் தெரிந்திருக்கும், அது எனக்கு நன்றாகப் பழக்கம். இது வேறு ஏதோ. சுவரோரம் கிடந்த கதிரை ஒன்றை இழுத்துவந்து, மேசைக்கு நேர் முன்னால் போட்டு, எங்கள் பை இருந்த தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"நீங்கள் போய்க் குளியுங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

கடலில் நான் குதித்த குதியில் சிந்தாத தண்ணீர் இல்லை. துவாய் எடுக்கக் கரைக்கு வந்தபோது, குடையின் கீழ் அம்மா சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விசாவுக்கு நிக்கேக்கை, கொழும்பு லொட்ஜிலையும் இப்பிடித்தான் தம்பி. பொலிசுக்குப் பதியவெண்டு அடையாள அட்டையளை வாங்கினவை. பின்னேரம் பொலிஸ் லிஸ்ரோடை வந்து, பேர் பாத்துப் பாத்து ஏத்தினவங்கள். இவரைத் திருப்பிக் காண எனக்குப் பதினொரு நாள்."

சித்தப்பா சிரிக்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் அப்பா பதினொரு நாள் ஹோட்டலில் இருந்திருக்கிறார், எங்களுக்கோ இங்கே நாலே நாள் என்று நான் கணக்குப் பார்த்தேன்.

தோற்றது முதலாளியம்மாதான். முன்னால் ஒரு மனிதர் கண் வெட்டாமல் இருந்தால் யாருக்குத்தான் வேலை ஓடும்? ஜெர்மன்காரர் அனைவருக்கும் முன்னதாக எங்கள் மூன்றையும் பதிந்து கையில் கொடுத்துவிட்டார். இன்று ஹோட்டல் மேசைகளில் நானும் அப்படித்தான்: விரித்துக் காட்டுவேன், விடமாட்டேன். என் மகள் என்னைத் தெரியாதவள்போல் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். நிற்கட்டும்.

அன்று அப்பா சப்பாத்தோடு மணலில் நடந்து வந்தார். இடுப்பில் பை. வந்து என் பக்கத்தில் குந்தினார். பிழை செய்தவன் என்ற முறையில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"அப்பா, அந்தக் கொழும்பு ஹோட்டலிலையும் கடல் இருந்ததோ?"

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"பிறகு கொண்டுபோன இடத்திலை இருந்தது. சத்தம் மட்டும் கேக்கும்."

"காணேலாதோ?"

"ஜன்னல் இல்லை."

எனக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. இவ்வளவு பிடிவாதம் பிடிக்கத் தெரிந்த மனிதர், அங்கே மட்டும் ஏன் பேசாமல் இருந்தார்?

"வேறை ரூம் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாமே, அப்பா?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறேன் என்ற பெருமையில் நான் திரும்பவும் தண்ணீருக்குள் ஓடினேன்.