அது கோல்தான்

ஒஸ்லோவில் ஓர் ஐஸ் ஹொக்கி அரங்கில் பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்தேன். காலையில் நான் இருக்கைகளுக்கு இடையே கூட்டிக்கொண்டு போக, கீழே பனித்தளத்தில் பயிற்சி நடக்கும். முதலில் சத்தம்தான் காதில் விழுந்தது. பிறகு கண்ணும் அங்கே போனது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்ற நாட்கள் உண்டு. நடுவர்களுக்கான வகுப்பு முடிந்து யாரோ விட்டுப்போன விதிப்புத்தகத்தை, அகராதியும் கையுமாக வாசித்து முடித்தேன். நான் முழுதாக வாசித்த முதல் நோர்வேஜியப் புத்தகம் அதுதான்.

அப்படிப்பட்ட எனக்கு விதி தெரியாது என்று ஒருவர் சொன்னார். போன வருடம், நோர்வே அணி வெளிநாட்டு அணி ஒன்றோடு மோதிய ஆட்டத்தில்.

மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் என் தங்கச்சியைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போயிருந்தேன். கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு. எங்கள் முன்னணி வீரர் கோலுக்கு முன்னால் நிற்க, எதிரணித் தடுப்பாளர் பின்னாலிருந்து அவர் முதுகில் இரண்டு கையாலும் தள்ளினார். அவர் போய் கோல் காப்பாளர்மேல் விழுந்தார். அதே நொடியில் பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, வலைக்குள் போனது. அரங்கமே எழுந்தது. நடுவர் வீடியோவைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கோல் இல்லை, கோல் காப்பாளருக்கு இடைஞ்சலாம்.

ஒரு முனகல். அவ்வளவுதான். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை.

“தள்ளினது அவங்கட ஆள்! அது கோல்!” என்று கத்தினேன். முதலில் தமிழில், பிறகு நோர்வேஜிய மொழியில்.

“அக்கா, இரன். எல்லாரும் பாக்கினம்,” என்று தங்கச்சி என் ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

“பாக்கட்டும்.”

எங்களுக்கு முன்வரிசையில் இருந்த நரைத்த தலை மனிதர் திரும்பினார். “கோல் காப்பாளர்மேல் விழுந்தால் கோல் செல்லாது. உங்களுக்கு விதி தெரியாதுபோல,” என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“தானாகப் போய் மோதினால் செல்லாது. எதிரணி ஆள் தள்ளி விழுத்தினால் செல்லும். விழுந்தவர் விலக முயன்றிருக்க வேண்டும். திரையைப் பாருங்கள், காலைத் திருப்புகிறார்.”

பெரிய திரையில் அந்தக் காட்சி மெதுவாக ஓடியது. அவர் இரண்டு முறை பார்த்தார். “சரிதான். ஆனால் நடுவர் முடிவு சொல்லிவிட்டாரே.”

“இந்த நாட்டில் நான் இருக்க முடியாது என்றும் ஒருமுறை முடிவு சொன்னார்கள். மேல்முறையீடு செய்தேன். இருக்கிறேன்.”

அவர் பனித்தளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நடுவர் எங்கள் பக்கமாகச் சறுக்கி வந்தபோது எழுந்து, இரண்டு விரலை வாயில் வைத்து அவருக்கு எதிராக ஒரு சீழ்க்கை அடித்தார் பாருங்கள், என் காது அடைத்துப்போனது.

அதற்குப் பிறகு என் கோபம் எங்கள் ஆட்கள்மேல் திரும்பியது. அதுவரை களத்தில் நின்ற ஐந்து பேரும், யார் எங்கே என்று நிமிர்ந்து பார்க்காமலே பக்கைக் கொடுத்து வாங்கினார்கள். கோல் பறிபோனதும் ஆளாளுக்குத் தனியாக ஓடினார்கள். ஒருவர் அந்தத் தடுப்பாளரைத் தேடிப் போய்த் தடியால் அடித்து, தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே இருந்தார். அதற்குள் மூன்றாவது கோலை வாங்கினோம். தோற்றோம்.

சுரங்க ரயில் நிலையத்தில் கொடி போர்த்திய ஒரு கூட்டம், “நடுவர்தான் தோற்கடித்தார்!” என்று கத்திக்கொண்டிருந்தது. என்னையும் சேர்ந்து கத்தச் சொன்னார்கள்.

“மாட்டேன்,” என்றேன். “கோலை மறுத்தது அவர் பிழை. அதற்குப் பிறகு விளையாடாமல் விட்டது எங்கள் பிழை.”

“நீங்கள் யார் பக்கம்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நோர்வே பக்கம். அதனால்தான் சொல்கிறேன்.”

“உனக்கு எல்லாரோடையும் கொழுவல்தான்,” என்றாள் தங்கச்சி.

“ஓம். ஆர் செய்தாலும் பிழை பிழைதான்.”

அவளுடைய ரயில் வந்தது. ஏறியவள், கதவு மூடுவதற்குள் தலையை வெளியே நீட்டினாள்.

“அக்கா, தடியாலை அடிச்சவனுக்கு ரெண்டு நிமிசம் காணாது, என்ன?”