சர்க்கார் வக்கீலும் சோடாக் கடைச் சாட்சியும்

போன செவ்வாய்க்கிழமை பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போயிருந்தேன். என் மைத்துனர் ஒரு மனை வாங்குகிறார். எல்லாம் தயார். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் மட்டும் வந்து சேரவில்லை.

பத்திரம் எழுதுபவர் கவலையே படவில்லை. வாசல் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார்.

“ஏ அப்பு... செத்த இங்கிட்டு வா. ஒரு கையெழுத்து.”

மரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். சட்டைப் பையில் பேனா. நடையில் ஒரு நிதானம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம சர்க்கார் வக்கீலய்யாவா! நல்லா இருக்கீகளா? ஐயா வீட்டுக் காரியத்துக்கு நான் போடாம வேற யாரு போடுறது?”

ராக்கப்பன்! பத்து வருஷத்துக்குப் பிறகும் மனிதர் தொழிலை மாற்றவில்லை. ஆபீசைத்தான் மாற்றியிருக்கிறார்.

இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு நான் ஒரு காலத்தில் வக்கீல் என்பது தெரியும். சர்க்கார் வக்கீலாக இருந்ததைச் சொன்னதில்லை. ராக்கப்பனைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதுசு. திண்டுக்கல்லில் நான் பிராக்டிஸ் ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மதுவிலக்குச் சட்டம் சாராயத்தை ஒழித்ததோ இல்லையோ, என்னைப் போன்ற இளம் வக்கீல்களுக்கு வாழ்வு கொடுத்தது. வாரத்துக்கு நாலு சாராயக் கேஸ். காய்ச்சியவர், கடத்தியவர், குடித்தவர் – எல்லோருக்கும் நான்தான் ஆஜர். பெரும்பாலும் விடுதலை.

ஆனால் வருமானம்? அது கட்சிக்காரரின் மனசைப் பொறுத்தது. அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்கிற ஒருவருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வாசலில் ஓர் ஆட்டுக்குட்டி நின்றது. ஆளைக் காணவில்லை.

என் மனைவி பிலோமினா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“ஏங்க, உங்க ஃபீஸு வாசல்ல நின்னு கத்துது.”

அவள்தான் அந்த விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தாள். அசிஸ்டெண்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் போலீஸ் கேஸை அரசாங்கத்தின் சார்பாக நடத்துகிற வேலை. மாதச் சம்பளம், லீவு, பென்ஷன். நான் இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் ஆட்டுக்குட்டி என் வேட்டியின் கரையைத் தின்றுவிட்டது. அப்ளிகேஷன் போட்டேன்.

மெட்ராஸில் இண்டர்வ்யூ. பெஞ்சில் என்னைப் போல் இருபது கறுப்புக் கோட்டுகள். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இருவரும் சட்டத்தில் கேட்டார்கள், சொன்னேன். நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆறு வருஷமா குற்றவாளிகளைத் தப்பிக்க வச்சிருக்கீங்க. உங்களை நம்பி எப்படி இந்த வேலையைக் கொடுக்கிறது?”

என்ன துணிச்சலோ... யோசிக்காமல் சொன்னேன். “எந்த ஓட்டை வழியா தப்பிச்சாங்கன்னு எனக்குத்தான் சார் தெரியும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை எனக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் சில வாக்கியங்கள் நமக்குச் சோறு போடும். அதே வாக்கியங்கள் பின்னால் வந்து சட்டையைப் பிடிக்கும் என்பது சாப்பிடும்போது தெரியாது.

அடுத்து, நடத்தை விசாரணை. புதிதாக வேலைக்குச் சேரும் ஆள் நல்லவனா கெட்டவனா என்று போலீஸ் ரிப்போர்ட் தர வேண்டும். யார் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? முந்தின மாதம்தான் நான் குறுக்கு விசாரணை செய்து வேர்க்க வைத்த ஹெட் கான்ஸ்டபிள்! மனுஷன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பிலோமினாவிடம் கேட்டார்.

“ஏம்மா, சார் எப்படி... வீட்டுலயும் இப்படித்தான் கேள்வி மேல கேள்வியா கேப்பாரா?”

“வீட்டுல நான்தாங்க கேப்பேன்.”

அவர் ஆறுதலாக எழுதிக்கொண்டு போனார். ஆர்டர் வந்தது. ஒரு வருஷம் புரொபேஷன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ராக்கப்பன் என் மேஜைக்கு முன்னால் வந்து கும்பிட்டார். இவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டேஷன் பக்கத்தில் சோடாக் கடை. போலீஸார் சாராயத்தைப் பிடித்தால், பிடித்த இடத்திலேயே மகஜர் எழுத வேண்டும் – என்ன பிடித்தோம், எங்கே, எத்தனை மணிக்கு என்று. அதில் பொதுமக்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ராக்கப்பன்தான் அந்தப் பொதுமக்கள். எந்த ஊரில் பிடித்தாலும் அவர் அங்கே தற்செயலாகப் போயிருப்பார். கூண்டில் ஏற்றி எத்தனையோ தடவை அவரை மடக்கப் பார்த்திருக்கிறேன். வழுக்கிக்கொண்டு போய்விடுவார்.

“இனி நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கம்ய்யா,” என்றார். அந்தச் சந்தோஷத்தில் பொய்யே இல்லை.

மூன்றாவது வாரம். விசாரணைக்கு வரும் கேஸ் கட்டுகளை முன்கூட்டியே படித்துவிடுவது என் வழக்கம். அன்று சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து மறுநாள் கேஸைப் படித்தேன். குற்றம் சாட்டப்பட்டவள் வெள்ளையம்மா. பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பு வாசலில் அவித்த மொச்சை விற்கிறவள். மொச்சைக் கூடைக்கு அடியில் இரண்டு பாட்டில் சாராயம் இருந்ததாம். பிடித்தது ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நேரம் மாலை ஐந்து மணி. சாட்சி ராக்கப்பன்.

அடுத்த கட்டு அய்யலூர்க் கேஸ். அதே தேதி. அதே சப்-இன்ஸ்பெக்டர். நேரம் ஐந்தரை மணி. சாட்சி?

அதே ராக்கப்பன்.

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திண்டுக்கல்லில் இருந்து அய்யலூர் போக அன்றைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். ஜீப்பில் போனாலும், சாராயத்தைப் பிடித்து, அளந்து, சீல் வைத்து, மகஜர் எழுதி, கையெழுத்து வாங்கி... அரை மணியில் அங்கே இன்னொன்று எழுத முடியுமா?

ஆறு வருஷம் எதிரில் நின்று தேடியும் கிடைக்காத ஓட்டை! எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவரவர் கேஸின் காகிதம் மட்டும்தான் கைக்கு வரும். எல்லாக் கட்டுகளும் ஒரே மேஜைக்கு வருவது சர்க்கார் வக்கீலுக்கு மட்டும்தான். ஓட்டை எனக்குத்தான் தெரியும் என்று மெட்ராஸில் வீரம் பேசினேனே – இதோ, தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“ஸ்டேஷன் ரைட்டர் நேரத்தத் தப்பா போட்ருப்பாரு சார். நீங்க ரெண்டு கட்டையும் ஒண்ணா வச்சுப் பாத்ததாலதான் தெரியுது. அந்தம்மாவுக்கு வக்கீலே கெடையாது. யாரு கேக்கப் போறா?”

“பாட்டில் நெஜமாவே அந்தம்மாகிட்ட இருந்துச்சா?”

“இருந்துச்சுன்னு மகஜர்ல இருக்குல்ல சார்?”

போகும்போது, “புரொபேஷன்ல இருக்கீக. பாத்து நடந்துக்கங்க” என்றார். மிரட்டல் மாதிரி இல்லை. அக்கறை மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்குப் போய் பிலோமினாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“தண்டனை ஆனா எம்புட்டு நாளு?”

“ஆறு மாசம் வரைக்கும் போடலாம்.”

“வேலை போனா?”

“அது ஆயுசுக்கும்.”

கிளறுவதை நிறுத்தினாள். “ரெண்டு காகிதமும் உங்க கையில இருந்துச்சுன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீக?”

அவ்வளவுதான் கேட்டாள். இதைத் தர்மாவேசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வந்தது பயம். சும்மா இருந்தாலும் பயம், சொன்னாலும் பயம். இரண்டில் எந்தப் பயத்தோடு ரொம்ப நாள் வாழ முடியும் என்று பார்த்தேன். அதற்குப் பெயர் மனசாட்சி என்றால், வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கோர்ட்டில் வெள்ளையம்மா கூண்டில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். எதிரில் கறுப்புக் கோட்டுப் போட்டவன்தான் தன்னை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறான் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

ராக்கப்பன் சாட்சிக் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார். மகஜரைக் காட்டினேன்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்கய்யா.”

“நேரம்?”

“அஞ்சு மணிங்கய்யா. நல்லா ஞாபகம் இருக்கு.”

மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு இரண்டாவது காகிதத்தை எடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதுவும் உங்க கையெழுத்தா?”

ராக்கப்பன் என்னைப் பார்த்தார். ஒரே பக்கம் என்று நம்பிய மனிதர். “ஆமாங்க” என்றார் பெருமையாக.

“இது அய்யலூரு. அதே நாள், அஞ்சரை மணி. எப்படிப் போனீங்க?”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

“சார் கூட ஜீப்புல போனேங்க...”

“சாருக்கு இங்க மகஜர் எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு மணி நேரம் ஆயிருக்கும்ங்கய்யா. சார் எதையும் பொறுமையா எழுதுவாரு.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. இரண்டு காகிதங்களையும் வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். “மிஸ்டர் பிராசிக்யூட்டர், அரசாங்கத்தின் கேஸ் என்ன?” என்று கேட்டார்.

“இந்தச் சாட்சியை நம்பும்படி அரசாங்கம் கேட்கவில்லை, யுவர் ஆனர்.”

வெள்ளையம்மாவுக்கு விடுதலை.

சினிமாவாக இருந்தால் இங்கே முடித்துவிடலாம். எனக்கு இங்கேதான் ஆரம்பித்தது. பத்தாவது நாள் மெமோ. அரசுத் தரப்புச் சாட்சியை அரசு வக்கீலே சிதைத்தது ஏன்? விளக்கம் தருக. அதற்குள் கோர்ட் வளாகத்தில் கதை பரவிவிட்டது – மொச்சைக்காரியிடம் வக்கீல் காசுக்குக் கை நீட்டிவிட்டார் என்று. பழைய வக்கீல் நண்பர்கள் தோளைத் தட்டிச் சிரித்தார்கள். “ஊருக்குத்தான் நீ சர்க்கார் வக்கீல். ரத்தம் இன்னும் டிஃபென்ஸ்தான்!” அந்தச் சிரிப்புதான் மெமோவை விட வலித்தது. நான் யாருக்கும் விடுதலை வாங்கித் தரப் போகவில்லை. என் மேஜைக்கு வந்த இரண்டு காகிதங்களை மறைக்கவில்லை – அவ்வளவுதான். அதை எத்தனை பேரிடம் விளக்குவது?

இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதி, இரண்டு மகஜர்களின் நகலையும் இணைத்து அனுப்பினேன். ஒரு மாதம் பதில் இல்லை. இரண்டு மாதம்... இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சோறு இறங்காது. மூன்றாம் மாதம் பதில் வந்தது. நின்றுகொண்டே பிரித்தேன்.

விளக்கம் ஏற்கப்பட்டது. இனிமேல் இதுபோன்ற முரண்பாடுகளை விசாரணைக்கு முன்பே கண்டுபிடித்து மேலிடத்துக்குத் தெரிவிக்கவும்.

பாராட்டா, கண்டிப்பா? இன்றுவரை எனக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் வேலை நிரந்தரமானது. அய்யலூர்க் கேஸும் தள்ளுபடியானது. ராக்கப்பனை சாட்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு மகஜர்களில் புதிதாக ஒரு பெயர் வர ஆரம்பித்தது. விசாரித்தேன். ராக்கப்பனின் மச்சினனாம்! அரசாங்கம் எதையும் ஒரே நாளில் மாற்றாது. குடும்பத்துக்குள்ளேயே படிப்படியாக மாற்றும்.

வேலை நிரந்தரமான ஆர்டர் வந்த சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சைக்கிளில் பேகம்பூர் வழியாக வந்தேன். வேட்டி, சட்டை. தோல் ஷாப்பு வாசலில் வெள்ளையம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாலைந்து வேலைக்காரர்கள். இறங்கி மொச்சை கேட்டேன். கறுப்புக் கோட்டு இல்லாததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் கேஸ் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையாவது தடவையோ.

“அந்தச் சர்க்காரு வக்கீலு இருக்கானே... என்னைய உள்ள தள்ளிப்புடணும்னு எம்புட்டுப் பாத்தான் தெரியுமா? ஒரு காகிதம் பத்தாதுன்னு ரெண்டு காகிதத்தக் காட்டுறான்! நான் அசரலையே. மொறச்சேன் பாரு ஒரு மொறப்பு... சாட்சிக்காரனுக்கு நாக்கு கொளறிருச்சு. கேஸு புட்டுக்கிச்சு!”

எல்லோரும் ஆமோதித்தார்கள். நானும் தலையாட்டினேன். அவள் இலையில் இன்னும் ஒரு கை மொச்சை கூடுதலாக வைத்துக் கொடுத்தாள்.

மறுத்துப் பேசவில்லை. சர்க்கார் வக்கீல் என்றால் ஜனங்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கட்டுமே!