இருபத்துநான்கு மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்

ஜெயசீலி இறந்த செய்தி எங்களுக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் கிடைத்தது. மின்னஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டதென்று எங்கள் கணக்காளர் கலா பழைய குப்பையை அழித்துக்கொண்டிருந்தார். கடன் வேண்டுமா, முடி உதிர்கிறதா என்ற விளம்பரங்களுக்கு நடுவே, எங்கள் நிறுவனத்தின் இணையதளப் படிவம் வழியாக வந்த ஒரு கடிதம். "என் மனைவி ஜெயசீலி நேற்று காலமாகிவிட்டார். ஆபீசில் எல்லோருக்கும் சொல்லவும். எபனேசர், கூடலூர்." அது வந்தது திங்கட்கிழமை. கலா வாய்விட்டுப் படித்தார். கொடுத்திருந்த எண்ணுக்கு நான் கூப்பிட்டபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

ஜெயசீலியோடு வேலை பார்த்தவர்களுக்கும் சண்டை போட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே கூட்டம்தான். "அன்பும் பண்பும் நிறைந்தவர்" என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் அவரே சிரிப்பார். எட்டு வருடம் எங்கள் குன்னூர் அலுவலகத்தில், நாங்கள் செய்யும் இணையதளங்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. அந்த எட்டு வருடமும் கோபமாகவே இருந்தார். அந்தக் கோபம் நியாயமானது என்று இப்போது சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவர் முதன்முதலில் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே சண்டைக்குத்தான். அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதியோருக்கான ஒரு பதிவுத் தளத்தை நாங்கள் செய்திருந்தோம். குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்து, "ஏனுங்க, இதச் செஞ்ச புண்ணியவான் யாருங்க?" என்றார். நான்தான் என்றேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "உங்கப்பா பொறந்த தேதியப் போடுங்க பாக்கலாம்" என்றார். பிறந்த தேதிக்கு நான் வைத்திருந்தது அழகான ஒரு நாள்காட்டி. பின்னோக்கிப் போக ஒரு சின்ன அம்புக்குறி, ஒரு அமுக்குக்கு ஒரு மாதம். என் அப்பாவுக்கு எழுபது வயது. அமுக்கினேன், அமுக்கினேன், இருபது வருடம் பின்னால் போவதற்குள் விரல் வலித்தது. "பக்கத்துல வெலிங்டன்ல இருந்து ஒரு பெரியவர் வந்து ஒக்காந்து பூராவும் அமுக்குனாருங்க. கடைசில கை தவறி எங்கயோ பட்டு எல்லாம் அழிஞ்சு போச்சு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? எனக்குத்தாம்மா இதெல்லாம் தெரியலன்னாரு. எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாருங்க!" அந்த வாரமே அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் சோதிக்கும் முறையைப் பார்த்துப் பெரிய நகரத்துக்காரர்கள் சிரித்தார்கள். அலுவலகத்துக் கணினியை அவர் நம்பியதே இல்லை. விலை குறைந்த பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, எஸ்டேட்டில் இலை எடை போடும் இடத்துக்குப் போவார். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். எடைக்கு வரிசையில் நிற்கும் பெண்களில் ஒருவரிடம் போனைக் கொடுத்து, "இதுல ஒரு ரூம் புக் பண்ணுங்க பாக்கலாம்" என்பார். பிறகு இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நிற்பார். எங்களில் யார் கூடப் போனாலும் ஒரே விதிதான்: வாயைத் திறக்கக் கூடாது.

நான் ஒரு நாள் திறந்துவிட்டேன். பைக்காரா பக்கத்து விடுதி ஒன்றுக்காகச் செய்த தளம். படகுச் சவாரிப் படங்கள் ஒவ்வொன்றாக நகரும். அவை வந்து சேரவே அங்கே ஐந்து நிமிடம் ஆனது. வந்ததும் அவற்றின்மேல் ஒரு விளம்பரம் வந்து மூடியது. அதை மூடும் குறி கடுகு அளவு. குளிரில் விறைத்த விரலோடு அந்த அம்மா தடவிக்கொண்டே இருந்தார். பொறுக்க மாட்டாமல், "மேல மூலையில சின்னதா பெருக்கல் குறி இருக்கு பாருங்க, அத அமுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். ஜெயசீலி என் பக்கம் திரும்பினார். "இதப் பாக்கற ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் கூடவே போயி இப்பிடிக் காதுல சொல்லுவீங்களா சார்?" வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து வைத்ததற்கும் அன்றைக்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வெளியதான் மிஸ்ட்டுன்னா போனுக்குள்ளயுமா?" மூடுபனிக்குள் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. தளத்தைவிட என் அவமானம்தான் அன்று எனக்குப் பெரிதாகப் பட்டது.

எங்கள் உறவு முறிந்த கதையை உங்களில் சிலர் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பத் தளம் செய்தோம். முகவரியில் கதவு எண் கட்டாயம் என்று சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். "லைன் வீட்டுக்கு ஏதுங்க டோர் நம்பர்? எடுங்க அத" என்றார் ஜெயசீலி. எஸ்டேட்டில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகள் அவை; இந்த மலையில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அறக்கட்டளைக்காரர்கள் அப்படித்தான் கேட்டார்கள் என்று விட்டுவிட்டேன். எண் போடாவிட்டால் படிவம் நகராது. அதனால் ஒரு லைனில் இருந்த அத்தனை குடும்பமும், ஒருவரைப் பார்த்து ஒருவர், ஒன்று என்று போட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் உதவி என்பது விதி. எல்லாம் ஒரே வீடு என்று எடுத்துக்கொண்டு, முதலில் வந்த ஒரு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தளம் தள்ளிவிட்டது. தள்ளிவிட்டோம் என்று யாருக்கும் சொல்லக்கூட இல்லை.

ஜெயசீலி கண்டுபிடித்தபோது கடைசித் தேதி முடிந்திருந்தது. காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அறக்கட்டளையின் படியேறி, சிலருக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார். எல்லோருக்கும் முடியவில்லை. நர்சிங் சேர இருந்த ஒரு பெண் அந்த வருடம் இலை பறிக்கப் போனாள். அவளுடைய அம்மாவும் அந்த வெலிங்டன் பெரியவரின் வார்த்தையைத்தான் சொன்னாராம், எங்களுக்குத்தான் போடத் தெரியல என்று. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் ஜெயசீலி என்னிடம், "அவங்க போட்டது தப்பில்லைங்க. நீங்க கேட்டதுதான் தப்பு. இதுல உங்களுக்குத் தூக்கம் வருதுன்னா எனக்கு இங்க வேலையில்ல" என்றார். நான் என்ன செய்தேன்? விண்ணப்பித்தவர்கள் கவனமாக நிரப்பியிருக்கலாம் என்றேன். ஆமாம், அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணவர் கூடலூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தார். ஜெயசீலியும் குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எட்டு மாதம் நானும் கூப்பிடவில்லை. வீம்பு.

அந்த எட்டு மாதத்தில் எங்கள் சொந்தத் தளத்தைப் புதுப்பித்தேன். அதிலிருந்த தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டேன். முகப்பு பளிச்சென்று இருக்கட்டுமாம்! கண்டவனும் கூப்பிடாமல் இருக்கட்டுமாம்! அதற்குப் பதிலாக ஒரு படிவம், அனுப்பியதும் ஒரு பச்சை எழுத்து: "நன்றி! இருபத்துநான்கு மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." கடிதம் எந்தப் பெட்டிக்குப் போகிறது, அதை யார் திறப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை. ஜெயசீலி இருந்திருந்தால் முதல் நாளே ஒரு கடிதம் போட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று என் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை மதியமே நானும் கலாவும் கூடலூர் போனோம். எபனேசர் எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். மூன்று நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டி, ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது என்றார். மனைவியின் போனைத் திறக்கும் எண் அவருக்குத் தெரியாது. எங்கள் யார் எண்ணும் அவரிடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் போனில் எங்கள் தளத்தைத் தேடிப் பிடித்து, தானே எழுதி அனுப்பியிருக்கிறார்.

"இருபத்துநாலு மணி நேரத்துல கூப்புடுவோம்னு வந்துச்சுங்க" என்றார் எபனேசர். "செவ்வாக்கெழமை எடுக்கறதாத்தான் இருந்துச்சு. ஆபீஸ்காரங்க குன்னூர்ல இருந்து வரணும், பாவம், பாக்காமப் போயிரக் கூடாதுன்னு, பாஸ்டர்கிட்டச் சொல்லி ஒரு நாள் தள்ளி வெச்சேனுங்க. ஃப்ரீசர் பெட்டிய இன்னொரு நாளைக்குச் சொல்லி வெச்சோம். வண்டிச் சத்தம் கேக்கறப்பல்லாம் வெளிய வந்து பாத்தேன்."

கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எபனேசருக்கு அது சங்கடமாகிவிட்டது. எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார், அந்த மனிதர். "நீங்க வருத்தப்படாதீங்க சார். எனக்கு இந்த போனெல்லாம் பழக்கமில்ல. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டனாட்ட இருக்குது."

"இல்லைங்க" என்றேன். குரல் அவர் வீட்டுக்கு மிஞ்சி உயர்ந்துவிட்டது. "நீங்க சரியாத்தான் அமுக்குனீங்க. இந்தப் பக்கம்தான் ஆளில்ல."

ஜெயசீலியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை மட்டும்தான். புகழ்ந்து ஆற்றிவிட நினைப்பவர்கள் அதைச் செய்துகொள்ளுங்கள். என்னிடம் அது ஆறக் கூடாது.