இங்கேயும் தென்னைமரம்

கீரனூரில் எங்கள் தென்னந்தோப்பில் இருந்தால் மனுஷன் ஓய மாட்டார், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த உடம்பு என்று பயந்துதான் மகள் எங்களுக்கு இந்த ஆப்பிரிக்கத் தீவுக்கு டிக்கெட் போட்டாள். கடற்கரை முழுக்கத் தென்னை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் பக்கத்துச் சாய்வு நாற்காலி காலையிலிருந்து காலி. என் வீட்டுக்காரர், மகள் வாங்கிக் கொடுத்த பூப்போட்ட அரைக்கால் சட்டையோடு ஒரு மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறார்.

"ஏனுங்க, செத்த நேரம் வந்து படுங்களேன். இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?"

"குருத்துல வண்டு இருக்கு புள்ள. மட்டையப் பாரு, கத்திரி வச்சு வெட்டுனாப்ல."

விடுதித் தோட்டக்காரர் ஹமீசி வருகிறார். இவர் தமிழில் விளக்க, அவர் சுவாஹிலியில் ஆமோதித்து, கொக்கிக் கம்பி ஒன்றைக் கொண்டுவருகிறார். இவர் செருப்பைக் கழற்றுகிறார்.

"மரத்துல கால வச்சீங்க, இப்பவே மகளுக்குப் போனப் போட்ருவேன்!"

என் கத்தலுக்கு ஹமீசிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "நோ, பாபா," என்று இவரை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, தானே ஏறி வண்டைக் குத்தி எடுத்துக் கீழே போடுகிறார். அதைக் காலால் நசுக்கிய பிறகுதான் இவருக்கு மனசு ஆறுகிறது. நாற்காலிக்கு வந்து சாய்ந்தவர், உடனே குறட்டை விடுகிறார்.

அப்பாடா என்று நானும் சாய்ந்து மேலே பார்க்கிறேன். அவர் தலைக்கு நேராக, காய்ந்து நெற்றாகிப்போன குலை ஒன்று தொங்குகிறது.

செருப்பை மாட்டிக்கொண்டு ஹமீசியைத் தேடிப் போகிறேன்.