அண்ணன் கடற்கரையில் கட்ட நினைத்த பரலோகம்

என் அண்ணன் ஆண்டவரின் கரங்களில் அடங்கி ஓராண்டு ஆகிறது. அவருடைய இந்த நினைவு மலருக்கு நான் எழுதப்போகிறேன் என்றதும் உறவினர் சிலர், "அந்தக் கடற்கரை ரெண்டு வருஷத்தை மட்டும் விட்டுடும்மா" என்றார்கள். பலமுறை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதியதில் அண்ணனே இல்லை. ஆகவே பொறுத்தருளுங்கள்.

அண்ணன் பிறந்தது செங்கல்பட்டில். அப்பா மருத்துவமனைக் கம்பவுண்டர். அம்மா ஆலயத்தில் சிறுவர்களுக்கு வேதபாடம் நடத்தியவர். அண்ணனுக்குப் பதினான்கு வயதாகும்போது அம்மா காசநோயில் இறந்தார். "ஜெபம் பண்ணுங்க, ஜெபம் பண்ணுங்கன்னு சொன்னவங்க எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாங்க" என்று அண்ணன் அன்று சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. அதன்பிறகு அவர் ஒருநாளும் நிம்மதியாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

சென்னையில் கல்லூரி முடித்துத் திரும்பியவர் ஆலயத்துக்கு வரவில்லை. "பாவம்னு ஒண்ணும் கிடையாதுப்பா. பசிதான் இருக்கு. அமைப்பை மாத்திட்டா மனுஷன் தன்னால நல்லவனாயிடுவான்" என்றார். அப்பா அதிகம் பேசாதவர். "மாத்தப்போறவன் யாருடா? அவனும் மனுஷன்தானே?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அது எழுபத்தொன்றாம் ஆண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அண்ணனும் அவருடைய நண்பர்கள் நால்வரும் தங்கினார்கள். முதல் ஆண்டில் நடந்தவை உண்மையிலேயே நல்லவை. பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக் கொட்டகை எழுந்தது. காய்ச்சலில் கிடந்தவர்களை அண்ணன் தோளில் சுமந்து பஸ் ஏற்றினார். பிடித்த மீன் எல்லாம் ஓரிடத்தில் கொட்டப்பட்டது. ஒரே அடுப்பில் சமையல். எந்த வீட்டிலும் பட்டினி இல்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் ஆண்டு விதிகள் பெருகின. ஏழுமலை என்ற மீனவர், பிரசவித்து நாலு நாளான தம் மகளுக்காக ஒரு பால்சுறாவை ஒளித்து வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் பகலில், கொதிக்கும் மணலில் கூட்டம் போட்டு அவரை நடுவில் நிறுத்தினார்கள். அண்ணனைப் பார்க்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"பெத்தவளுக்குப் பால் சொரக்கணுமேன்னு எட்த்துகினு போனேன் தம்பி. இதுல இன்னா தப்பு கீது?" என்றார் ஏழுமலை.

"கேட்டிருந்தா நம்ம குப்பத்துச் சபையே கொடுத்திருக்கும். ஒளிச்சதுதான் தப்பு" என்றார் அண்ணன்.

"எம் பொண்ணுக்கு நான் யாரைக் கேக்கணும்?"

ஒரு மாதம் அவரோடு யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

ஐந்தாம் நாள் ஏழுமலை தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். இருவர் துடுப்புப் போட வேண்டிய மரம், காற்றும் சரியில்லை. மாலையில் மரம் மட்டும் கரை ஒதுங்கியது. அதற்கு மூன்றாம் நாள் அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள்.

நண்பர்களில் ஒருவர், "பெரிய மாற்றம் வரும்போது இப்படிச் சில இழப்புகள் இருக்கத்தான் செய்யும்" என்றாராம். அதைக் கேட்டதும் அண்ணன் எழுந்து நடந்தார். திருக்கழுக்குன்றம் வரை நடந்தே வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வீடு சேர்ந்தார். அப்பாவின் முன் நின்று, "போன வருஷம் நானும் அதையேதான்ப்பா சொல்லியிருப்பேன்" என்றார்.

மறுபடி ஆலயத்துக்கு வந்தார். கெட்டுப்போன மகன் திரும்பிவிட்டான் என்று பலர் மகிழ்ந்தார்கள். அண்ணனுக்கு அந்த மகிழ்ச்சி பிடிக்கவில்லை. "குப்பத்துல இருந்த பசி பொய்யில்லையே. அதை நீங்க இன்னும் பார்க்கலையே" என்று முகத்துக்கு நேரே கேட்பார். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். ஆயர் காரணம் கேட்டபோது, "எல்லார்கிட்டயும் குத்தத்தைத் தேடினேன் ஐயா. தீர்ப்புச் சொல்ற இடத்துல நின்னவன்கிட்ட மட்டும் தேடல. அந்த வீட்டுக்குப் போகாம இங்க எப்படிக் கை நீட்டுவேன்?" என்றார்.

ஒரு சனிக்கிழமை போனார். ஏழுமலையின் மனைவி கன்னியம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "மன்னிப்பு கின்னிப்புலாம் எனக்குத் தெரியாது. கூரை பிஞ்சி கீது. வேய ஆள் இல்ல" என்றார். அண்ணன் ஏறினார். வேலை தெரியாமல் வேய்ந்ததால் அடுத்த மழையில் ஒழுகியது. மறுபடி போய்ப் பிரித்து வேய்ந்தார். அதன்பின் அந்த வருடமே திருவிருந்தில் முழங்காற்படியிட்டார். பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்த பிறகும் சனிக்கிழமைகளை அந்தக் குப்பத்துக்கே கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

சென்ற ஆண்டு மஞ்சள்காமாலை முற்றி அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். கன்னியம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தனை வருடங்களில் முதன்முறையாக அண்ணன் வாய்விட்டுக் கேட்டார்: "அக்கா, என்னை மன்னிச்சிட்டியா?"

"கேக்காத தம்பி. மனசு இன்னும் கொதிச்சிகினுதான் கீது. ஆனா வந்துகீறேன் இல்ல?" என்றார் அவர். அண்ணனின் தலையணையைச் சரிசெய்துவிட்டு மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து அண்ணன் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் தாதியருக்கும், உடனிருந்து ஜெபித்த ஆயருக்கும், பெட்டியைச் சுமக்க மூன்று பஸ் மாறி வந்த குப்பத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கன்னியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இம்மலர் அச்சாகி வந்ததும் நானே எடுத்துக்கொண்டு போய், இக்கட்டுரையை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

அன்புத் தங்கை