ஞாயிற்றுக்கிழமைக்குத் தர வேண்டிய மாண்டலின்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பழனிசெட்டிபட்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன், எரிந்தால் எரிந்ததற்கு ஒரு காரணம் இருக்கும், அவ்வளவுதான் என் வேதாந்தம். பழைய மாண்டலின்களைப் பழுது பார்ப்பது ஆசைக்காக. அந்த வயதான மரத்தில் வருகிற நாதம் புதுசில் வராது, ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் பொத்திப் பொத்திப் பார்க்க வேண்டும்.

போன ஐப்பசியில் போடியிலிருந்து கிரேஸ் அக்கா ஒன்றைக் கொண்டுவந்தார். இறந்துபோன கணவருடையது. ஓராண்டு நினைவு ஆராதனையில் மகள் வாசிக்க வேண்டுமாம்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள தந்துருவீகளா தம்பி? அவுக போனதுலருந்து இந்தப் புள்ள வாய்விட்டு அழுகவே இல்ல. அப்பா மாண்டலின்லதான் வாசிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிது,” என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கம்பிகளைக் கழற்றி, உள்ளே ஒட்டு விட்டுப்போயிருந்த தாங்குகட்டையை ஒட்டி, மேல்பலகையைப் பளபளவென்று துடைத்தேன். துடைத்த பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. மாண்டலினில் கம்பிகளைத் தாங்குகிற குதிரையை ஒட்ட மாட்டார்கள், கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். அது நின்ற இடத்தைப் பென்சிலால் குறிக்காமல் எடுத்துவிட்டேன், மிச்சமிருந்த தூசித் தடமும் துணியோடு போய்விட்டது. கழுத்து வளைந்த வாத்தியம், அளவு டேப் அதற்கு உதவாது, வாசித்தவர் தன் காதால் நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்த இடம் அது. நூலிழை தப்பினாலும் மேலே போகப் போக அபசுரம். என்ன மடத்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டு, கடையைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினேன். நம்பினால் நம்புங்கள், மேசையில் மாண்டலின் கம்பி பூட்டி இருந்தது. நான் வாங்கி வைத்த புதுக் கம்பிகள்தான், உறை பிரிந்து கிடந்தது. குதிரை லேசாகச் சாய்வாக நின்றது, நான் ஒருநாளும் அப்படி வைக்க மாட்டேன். மீட்டிப் பார்த்தேன். கீழிருந்து மேல்வரை ஒரு பிசிறு இல்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள், நீங்களே இப்போது சிரிப்பை அடக்குகிறீர்கள். மதியம் மகளோடு வந்தார். அந்தப் பெண் மீட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேரே கம்பி நுனிகளைத் தடவினாள். நானாக இருந்தால் நுனியைக் கட்டரால் வெட்டி விட்டிருப்பேன். இதில் எட்டு நுனியும் சின்னஞ்சிறு வளையமாக உள்பக்கம் மடிந்திருந்தன.

“அம்மா, இங்கன பாரேன்,” என்றாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

அக்கா என்னைப் பார்த்தார். “சின்னதுல இவ வெரல்ல கம்பி குத்தி ரத்தம் வந்துருச்சு தம்பி. அன்னையிலருந்து அவுக இப்படித்தான் மடிப்பாக. ஒங்ககிட்ட யாரு சொன்னா?”

“எல்லாரும் இப்படித்தான்க்கா மடிப்போம்,” என்று பொய் சொன்னேன்.

அன்றிலிருந்து நானும் மடித்துத்தான் விடுகிறேன். இத்தனை வருடம் காயில் கட்டிய கை இது. மூக்குக் குறடு வைத்து மடித்தும், அவ்வளவு சின்ன வளையம் எனக்கு இன்னும் வரவில்லை.