மொட்டையன் பாலம்

எனக்கு வயது அறுபத்தொன்பது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் தம்பி. அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான், எனக்கு எட்டு வயது. இடுப்பில் ஏறியவன் இறங்குவதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அதனால் சிறுவயதுக் கதை சொல் என்று யாராவது கேட்டால், என் சிறுவயது எனக்கு முப்பத்தெட்டாவது வயதில், சித்தூர் வீட்டில், ஒரு கோடை விடுமுறையில் வந்தது என்றுதான் சொல்வேன். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனது.

அதைக் கொண்டுவந்தவனும் தம்பிதான். திருப்பதியில் வேலையில் இருந்தவன், டிவியில் சொருகி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சிநேகிதனோடது. ஸ்கூல் தொறக்கிற அன்னிக்கி எடுத்துக்கினு பூடுவேன். நீயும் ஆடுக்கா" என்றான்.

"எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றேன்.

அதில் இருந்தது ஒரே ஆட்டம். மஞ்சள் துணி கட்டிய மொட்டைத்தலை மனிதன் ஒருவன் படி படியாக ஏறி, குழி தாண்டிப் போக வேண்டும். திருப்பதி பக்கத்துக்காரி நான், மொட்டை போட்டவன் மலையிலிருந்து இறங்கத்தானே வேண்டும், இவன் ஏன் ஏறுகிறான் என்றுதான் முதலில் யோசித்தேன். செய்தவன் அவசரத்தில் செய்திருப்பான் போலிருக்கிறது. மொட்டையனைக் குதிக்கச் சொன்னால் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். சில சமயம் சுவருக்குள் பாதி உடம்பு மாட்டிக்கொண்டு நிற்பான். பெட்டியை அணைத்துப் போட்டால்தான் வெளியே வருவான். பாட்டும் ஒரே பாட்டு, காதோரம் கொசு மாதிரி.

என் பெண்கள் இரண்டு பேரும் ஒரு வாரத்தில் சலித்துவிட்டார்கள். பத்து வயதுச் சின்னவன் விடவில்லை. மூன்றாவது கட்டத்தில் ஒரு நீளமான படிக்கட்டு. அதன் உச்சியில் பெரிய குழி. எத்தனை தடவை குதித்தாலும் மொட்டையன் அதில் விழுந்தான்.

"பாலம் வரணும்மா. அட்டையில படம் போட்டுக்கீது பாரு. பாலம், அந்தாண்ட அரண்மனை. மாமா வர்றதுக்குள்ள தாண்டிடுவேன்" என்பான். சோறு பிசையும்போதுகூட அவன் கட்டைவிரல் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்.

"கண்ணு பூத்துப் பூடும்டா, மூட்ரா அத்த" என்று தினமும் திட்டினேன். மத்தியானம் மூன்றும் இந்தி டியூஷனுக்குப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன், சத்தத்தைக் குறைத்தேன், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

முந்தின வருஷம் சின்னவனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது வேண்டிக்கொண்டு, திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து மேலே வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினவள் நான். அந்தக் கைக்கு ஒரு படியை விட்டுத் தாண்ட வராது. பிள்ளைகள் மொட்டையனை இரண்டு படி, மூன்று படியாகத் தாண்ட விட்டார்கள். நான் ஒவ்வொரு படியிலும் நிற்க வைத்து ஏற்றினேன். நாலாம் நாள், கடைசிப் படியில் அவன் கால் பட்டதும் குழியின் மேல் பலகை பலகையாகப் பாலம் முளைத்தது. எல்லாப் படியையும் மிதித்தால்தான் பாலம் வரும் என்பதை ஆட்டம் செய்தவன் எங்குமே சொல்லாமல் விட்டிருக்கிறான்.

தாண்டினேன். அந்தப் பக்கம் அரண்மனையும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் கட்டத்தின் முதல் படியிலேயே மொட்டையன் மறுபடி நின்றுகொண்டிருந்தான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு மறுபடி ஏற்றினேன். தினமும் ஏற்றினேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. தம்பி பஸ் ஏறிவிட்டதாகத் தகவல். சின்னவன் கடைசியாக ஒரு தடவை விழுந்துவிட்டு, தலையணையில் முகத்தை வைத்து அழுதான். "ஒரு வாட்டிகூட தாண்டலம்மா."

வாயைத் திறந்தால் தாழ்ப்பாள் கதை வெளியே வரும். ஒரு மாதம் திட்டினவளுக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

"டேய் நைனா, மலைக்கிப் போறவன் மூணு மூணு படியா தாண்டுவானா? ஒரு படியும் உடாம ஏத்து. சாமி வழி உடும்" என்றேன்.

"இது வீடியோ கேம்மா!"

"அம்மா, மஞ்சா குங்குமம் எடுத்துக்கினு வரட்டா?" என்று பெரியவள் சிரித்தாள்.

சிரிக்கட்டும். அவனுக்கு வேறு வழியும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு படி படியாக ஏற்றினான். பாலம் வந்தது. "ஒச்சேசிந்தி! ஒச்சேசிந்தி!" என்று தெலுங்கில் கத்திக்கொண்டு, ரிமோட்டைப் போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடினான். எங்கம்மா சாமிகிட்ட கேட்டா, பாலம் வந்துடிச்சி என்று வீடு வீடாகச் சொன்னான்.

அவன் திரும்புவதற்குள் தம்பி வந்துவிட்டான். பாலத்தின் முனையில் மொட்டையன் காத்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம் இருடா என்று நான் சொல்லியிருக்கலாம். "கழட்டிக்கடா" என்றேன்.

அதனால் அந்தப் பக்கம் அரண்மனை இருக்கிறது என்றே நம்பிச் சின்னவன் வளர்ந்தான். பத்தாவது பரீட்சைக்கும், ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுத்த நாளுக்கும், "சாமிகிட்ட நீ சொல்லும்மா, நீ சொன்னா வழி உடும்" என்று என் முன்னால் வந்து நின்றான். நானும் கெத்தாகத் தலையாட்டி அனுப்பினேன்.

போன மாதம் அதே ஆட்டத்தை எங்கோ தேடிப் பிடித்து, பெரிய டிவியில் போட்டான். நரைத்த தலையோடு, உதடு அசைய, ஒவ்வொரு படியாக ஏற்றினான். பாலம் வந்தது, தாண்டினான். மொட்டையன் முதல் படியில் நின்றான்.

"இவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதான்டா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

திரும்பிப் பார்த்தான். "உனக்கு எப்டிம்மா தெரியும்?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அவன் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் மூன்றாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக இதை எழுதினேன். தாழ்ப்பாளுக்குப் பின்னால் தன்னைவிட இருபத்தெட்டு வயது மூத்த பிள்ளை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது பத்து வயதில் அவனுக்கு எப்படித் தெரியும்?

வேலூர் காலேஜுக்குப் போய்வருகிற பேத்திக்குத் தமிழ் படிக்க வரும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவள் அப்பா முன்னறையில் மறுபடி மொட்டையனை ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

இந்தா கண்ணு, எழுதினதைப் படிச்சிக் காட்டு. எனக்கு இல்ல. உங்கப்பனுக்குக் கேக்கிற மாதிரி, சத்தமா.